வால் கட்டிய பந்து

மீராசா கையிலிருந்து கிளம்பிய பந்துக்கு வால் இருந்தது.

ஈரம் சொட்டும் வாழைநார் வால். அதன் ஒரு நுனியை நான் குதிகாலால் மிதித்துக்கொண்டிருந்தேன். மறுநுனி பந்தின் தையலோடு கோணி ஊசியால் தைக்கப்பட்டிருந்தது. பந்து போகப் போகத் தரையில் மடித்து மடித்துப் போட்டிருந்த நாரும் எழுந்து, அதன் பின்னால் நெளிந்துகொண்டே பறந்தது. கிரிக்கெட் ஆட விரித்த பாயின் அந்தத் தலையில் குந்தியிருந்த நாகலிங்கம் அண்ணன், பந்து தரையில் படுமுன் அதைப் பிடித்தார். நார் என் முகத்தில் நீரைத் தெறித்துவிட்டுக் கயிற்றுப் பாய்மேல் விழுந்தது.

"ஒருத்தனும் தொடாதீங்கலே!" என்று கத்திக்கொண்டு அருமைநாயகம் சார் ஓடிவந்தார்.

அப்போதுதான் வேதக்கோயில் மணி அடித்தது. மாலை ஜெபம். மணி அடித்தபிறகு மைதானத்தில் நிற்பது சாருக்குப் பழக்கமில்லை.

"நாளைக்குக் காலையில முறுக்கை எண்ணுவோம். செல்லையா, நாரைப் பத்திரமா எடுத்து வை, கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செல்லையா என்பது நான். அதற்குச் சில மாதம் முன்பு கொல்லத்து முந்திரி ஆலையில் தோல் உரிந்த விரல்களோடு நின்றேன். அங்கிருந்து ஊருக்கு நடந்து வந்ததில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நடந்தேன், அவ்வளவுதான். நாகர்கோவிலில் மிஷன் மைதானத்துப் பாய்க்கொட்டகையில் படுக்க இடம் கிடைத்தது. காலையில் பாயை விரிப்பது, மாலையில் சுருட்டுவது, அருமைநாயகம் சார் வீட்டில் இரண்டு வேளை கஞ்சி. பகலில் தோவாளைக்குப் போய்ப் பூக்கூடை தூக்குவேன். அந்த வருஷத்தில் நான் வாசமாக இருந்தேன், வயிறுதான் பாதியாக இருந்தது.

அளவுக்காரன்

மீராசாவுக்குக் கோட்டாற்றில் ஒரு நெல் மண்டியில் அளவுக்காரன் வேலை. மரக்காலைக் குவியலில் குத்தி, நிமிர்த்தி, மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி, தலை வழித்து, சாக்கில் சாய்ப்பான். எங்கள் பக்கத்துக் களங்களில் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணமாட்டார்கள். 'லாபம்' என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். மீராசாவுக்கு அது நாக்கிலேயே ஒட்டிவிட்டது. மகன் பிறந்தபோது, "எத்தனை பிள்ளைடே ஒனக்கு?" என்று யாரோ கேட்க, "லாபம்" என்றானாம்.

மண்டி மூடப்போகிற நிலையில் இருந்தது. ஊரெங்கும் விலை விழுந்திருந்த காலம். அவனுடைய அண்ணனைக் 'காக்கா' என்று நாங்களும் கூப்பிடுவோம். தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிக் கொழும்பில் ஒரு கடையில் சேர்வதென்று காக்கா முடிவு செய்திருந்தார். தம்பிக்கும் சேர்த்துத்தான். மீராசாவின் மகன் அப்போது குப்புற விழக்கூடப் பழகவில்லை. போனால் அந்தப் பிள்ளை ஓடி விளையாடும் வயதில்தான் தகப்பன் முகத்தைப் பார்க்கும். கொழும்புக்குப் போனவர்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

இந்த நேரத்தில்தான் கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை, அருமைநாயகம் சாருக்குச் சொல்லியனுப்பினார். தோட்டத்து கிரிக்கெட் அணிக்கு ஒரு பந்துவீச்சாளர் வேண்டும். நல்ல சுழல் போடுகிற ஆள். ஸ்டோரில் வேலை, இருக்க வீடு. முந்தின மாதம் தோட்டத்து அணி இங்கே ஆட வந்தபோது மீராசா அவர்களைப் படுத்திய பாடு துரைக்கு நினைவிருந்தது. ஆனால் அவருடைய உதவியாளர் ஒருவர் துரை காதில் ஓதியிருந்தார்: அந்தப் பந்து சுழலவில்லை, இவர்கள் கயிற்றுப் பாயின் முடிச்சில் பட்டுத் திரும்புகிறது, நம் கித்தான் பாயில் போட்டால் குச்சி மாதிரி நேரே வரும் என்று.

சார் மிஷன் பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவர். வேறு யாராக இருந்தாலும், "சுழலும்" என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவர் எழுதவில்லை.

"முடிச்சா, சுழலாண்ணு எனக்கே தெரியாது. அளக்காம எழுதமாட்டேன்" என்றார்.

பந்தில் ஒரு நாடாவைக் கட்டி வீசினால், பந்து எத்தனை சுற்றுச் சுற்றியதோ அத்தனை முறுக்கு நாடாவில் விழும் என்று ஏதோ ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் அவர் படித்திருந்தார். நாடாவுக்கு எங்கே போவது? தோவாளையில் நார் இருக்கிறதே என்றேன் நான்.

உத்தரத்தில் தொங்கியது

தோவாளையில் யாரும் காய்ந்த நாரில் பூக்கட்ட மாட்டார்கள். காய்ந்தால் ஒடியும். தண்ணீரில் போட்டு எடுத்தால் பட்டுத்துணி மாதிரி தட்டையாக, பதமாக இருக்கும். கட்டி மிஞ்சியதை உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். இது அங்கே கைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அதனால் நாங்களும் நனைத்தோம், முடிச்சுப் போட்டு நீளமாக்கினோம், வீசியபிறகு பந்தை வெட்டியெடுத்துவிட்டு நாரைக் கொட்டகை உத்தரத்தில் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டோம். மிஞ்சிய நாரும் பக்கத்திலேயே தொங்கியது. நான் அதன் அடியில் பாயைப் போட்டு நன்றாகத் தூங்கினேன்.

காலையில் சார் குளித்துத் தலைவாரிக்கொண்டு வந்தார். மீராசா அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தான். நாரை இறக்கி விரித்து எண்ணினோம். முறுக்கு, முறுக்கு, முறுக்கு. முப்பது தாண்டியது, ஐம்பது தாண்டியது. நாகலிங்கம் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"சவம், இது பந்தா, பம்பரமாடே? தொரைக்க பல்லைப் பேத்திரும்லா!"

மீராசா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான், வேறு யாருடைய கையோ போல.

சார் எண்ணுவதை நிறுத்தியிருந்தார். அவர் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லே செல்லையா, அந்த மிச்ச நாரை எடு."

எடுத்தேன். யாரும் வீசாத நார், பந்தையே பார்க்காத நார். அதிலும் முறுக்கு. காயக் காயத் தானே திருகிக்கொண்டு, பழைய கயிறு மாதிரிக் கிடந்தது.

சார் இரண்டு நாரையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்; எது பந்து போட்ட முறுக்கு, எது காய்ந்த முறுக்கு என்று பிரிக்க வழியில்லை. பிறகு நாகலிங்கம் அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார்: "அப்பம் பந்துவீச இந்த நாரையே தோட்டத்துக்கு அனுப்பிரலாம் சாரே."

சார் சிரித்தார். மீராசாவும் சிரித்தான். ஆனால் அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ஆமினா கிழித்த கரை

அடுத்த நாள் மீராசா மடியில் ஒரு சுருள் துணியோடு வந்தான். அவன் மனைவி ஆமினாவின் அச்சுச் சேலைக் கரை. இரண்டு பக்கத்துக் கரையையும் கிழித்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக்கி, முனையோடு முனை தைத்துக் கொடுத்திருக்கிறாள். மேல் பக்கம் நல்ல சிவப்பு, அடிப்பக்கம் வெளுப்பு. முறுக்கு விழுந்தால் சிவப்பும் வெளுப்புமாக மாறி மாறித் தெரியும்.

"நான் கேக்கல சாரே" என்றான் மீராசா. "நாரு கதையைச் சொன்னேன். 'இஞ்ச பாருங்க, நனைக்காததா ஒண்ணு தாறேன், கப்பலா தோட்டமாண்ணு இண்ணைக்கே தெரியட்டும்'ணு டர்ருண்ணு கிழிச்சுட்டா. பிள்ளை பயந்து அழுதான்."

சார் அந்தத் துணியை வாங்கியபோது இரண்டு கையாலும் வாங்கினார்.

நாகலிங்கம் அண்ணனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். சுசீந்திரத்துக்காரர், தவில் வாசிப்பவர். விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க அவரைவிட்டால் ஆள் கிடையாது. கையுறை வாங்க வழியில்லாததால், தவிலுக்கு விரலில் மாட்டுகிற கூடுகளை மாட்டிக்கொண்டே பந்து பிடிப்பார். பந்து பட்டால் டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும். தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உள்ளவர். "நான் பிடிச்ச பந்து வேற ஒருத்தன் பிடிச்ச பந்து மாதிரி இருக்காதுலா" என்பார். எப்படி வேறு மாதிரி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை.

அன்றைக்கு அவர் பிடித்தார். துணி விழுந்தது. எண்ணுவதை மீராசாவிடமே விட்டார் சார்.

மீராசா குனிந்து, சிவப்பு மடங்குகிற இடத்தையெல்லாம் விரலால் தொட்டுக்கொண்டே நடந்தான்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

ஏழில் துணி தீர்ந்தது. திரும்பவும் வீசினான். அதே ஏழு. இன்னொரு முறை ஆறு.

"இதொரு சுழலாடே?" என்று சார் முனகினார். "ஏழு சுத்துக்குப் பந்து அப்படித் திரும்பாது. அந்த ஆள் சொன்னது சரிதான். நம்ம பாய் முடிச்சுதான் திருப்புது."

மீராசா துணியைச் சுருட்டினான். முறுக்குப் பிரித்து, நீவி, மெதுவாகச் சுருட்டினான். பிறகு கேட்டான்:

"சாரே, சுத்தும்ணு ஒரு வரி எழுதினா என்ன? எனக்க பிள்ளைக்காக."

சாரின் மனைவி அன்று காலை அவனுக்கு அவல் நனைத்துக் கொடுத்திருந்தார். அந்த வீட்டில் அவனை யாரும் வேற்றாளாக நினைத்ததில்லை. சார் அவன் கையைப் பார்த்துக் கேட்டார்:

"மீராசா, மரக்காலுக்குள்ள பெருவிரலை விட்டு நீ அளந்திருக்கியா?"

எங்கள் பக்கத்தில் நெல் அளக்கிறவனைக் கேட்கக்கூடாத கேள்வி அது. விரல் உள்ளே போனால் ஒரு பிடி நெல் குறையும். மீராசாவின் முகம் சிவந்துவிட்டது.

"வாப்பா காலத்திலேருந்து இல்ல."

"அப்பம் நானும் விரலை விடமாட்டேன், மக்கா."

கண்ணை மூடிய கடிகாரம்

அன்று மாலையே கதை முடிந்திருக்கும். காக்கா மாட்டுவண்டிக்குச் சொல்லிவிட்டார் என்று செய்தியும் வந்துவிட்டது. சார்தான் விடவில்லை. கஞ்சி குடிக்கும்போது திடீரென்று, கரண்டியாக மடித்த பிலாவிலையைக் கீழே வைத்தார்.

"லே, தோட்டத்து ஆளுக எப்படி அவுட்டானாங்க? நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். பந்து திரும்பி அவுட் ஆனவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் மட்டையை முன்னாலேயே வீசிவிட்டு, அப்புறம் பந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்.

"அதான்! சுழலை அளந்தோம். வேகத்தை அளந்தோமா?"

வேகத்தை அளக்கக் கையில் கடிகாரம் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவர்க்கடிகாரம் ஒரு நொடியை உடைத்துக் காட்டாது. உடைத்துக் காட்டக்கூடிய ஒரே பொருள் சுசீந்திரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தது. மறுநாள் காலையில் நாகலிங்கம் அண்ணனைக் கொண்டுவந்து, பாயின் பக்கத்தில் கண்ணைத் துணியால் கட்டி உட்காரவைத்தோம். ஸ்டம்பு இடத்தில் ஒரு பழைய தகரம். மீராசாவின் கால் பாயில் ஊன்றுகிற சத்தத்தில் எண்ணத் தொடங்க வேண்டும். தகரம் அடித்ததும் நிறுத்த வேண்டும்.

தொம்.

"தகதிமி தகிட" – டங்.

தொம்.

"தகதிமி தகதிமி தக" – டங்.

ஏழு. பத்து. ஜதியின் எழுத்துக்கு ஒன்று என்று கணக்கு; இரண்டாவது பந்து மூன்று எழுத்து பிந்தி வந்தது. மீராசா ஓடிவந்த ஓட்டமும் ஒன்றுதான், கை சுற்றிய சுற்றும் ஒன்றுதான். நான் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இரண்டு பந்தும் ஒரே பந்துதான். ஆனால் பின்னது கொஞ்சம் மேலே ஏறி, எதையோ மறந்ததுபோல நின்று, பிறகு விழுந்தது.

அதற்கப்புறம் கணக்கு கெட்டது. பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு என்று ஏறிக்கொண்டே போனது. பந்து நடந்து வருகிறதா என்று சார் திகைத்தார். பந்தின் மேல் பிழையில்லை. சாமி ஊர்வலத்தில் வாசித்துப் பழகிய மனிதர், தேர் நகர நகரக் காலத்தைக் கூட்டிக்கொண்டே போவதுபோல, இங்கேயும் உற்சாகத்தில் நடையை ஓட்டிவிட்டார்.

"அண்ணே, ஓடுதீரு!" என்றேன்.

"யாருவே ஓடுதது? நானா? எனக்க காலத்தையா குத்தஞ்சொல்லுத?"

சார் சண்டைக்குப் போகவில்லை. மாமரக் கிளையில் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஆட்டினார். கல் ஆடுகிற ஆட்டத்துக்கு நான் கை தட்ட வேண்டும். என் தட்டுக்குள் அண்ணன் எண்ண வேண்டும். கல்லுக்குக் கட்டுப்படுவது அவருக்குப் பெரிய அவமானம். ஒரு வெற்றிலை மென்று தீரும்வரை முறைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எண்ணினார்.

ஏழு, ஏழு, பத்து, எட்டு, பத்து, ஏழு. கல் ஒத்துக்கொண்டது.

"மீராசா, எதை மெல்லப் போடணும்ணு நினைச்சா போடுத?" என்று சார் கேட்டார்.

"நினைக்கல சாரே. நெல்லு காய்ஞ்சதுண்ணா ஒரு வெட்டு, ஈரம்ணா ஒரு வெட்டு. கை பாத்துக்கிடும்."

கித்தான் பாயில்

சார் கடிதம் எழுதவில்லை. நாங்கள் நாலு பேரும் நேரே போனோம். தடிக்காரன்கோணம் வரை ஒரு வண்டி ஏற்றிக்கொண்டது. அப்புறம் மலைப்பாதை. மழை விட்டிருந்தது, அட்டை விடவில்லை. நாகலிங்கம் அண்ணன் ஒவ்வோர் அட்டையையும் அதன் தாயைச் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தார். மீராசா மட்டும் அட்டையைக்கூடத் தட்டிவிடாமல் நடந்தான். மறுநாள் விடியலில் காக்காவின் வண்டி தூத்துக்குடிக்குப் புறப்படுகிறது.

துரை வெள்ளைக் கால்சட்டையில், நரைத்த மீசையோடு இருந்தார். சார் அவரிடம் இங்கிலீஷில் சொன்னதைப் பின்னால் எனக்கு அப்படியே சொன்னார். "நீங்கள் கேட்டது சுழல். அது இவனிடம் குறைவு. அளந்துவிட்டேன். ஆனால் இவனுடைய பந்து எப்போது வரும் என்று உங்களால் சொல்ல முடியாது." துரை முகத்தில் சந்தோஷம் இல்லை. இருந்தாலும் மட்டையை எடுத்துக்கொண்டார்.

கித்தான் பாய் பலகை மாதிரி இருந்தது. முதல் பந்தைத் துரை ரப்பர் மரங்கள் பக்கம் அடித்தார். இரண்டாவதையும் அடித்தார். குச்சி மாதிரித்தான் வந்தது. ஓரத்தில் நின்ற உதவியாளர் சிரித்தார்.  சார் தரையைப் பார்த்தார்.

மூன்றாவது பந்துக்குத் துரையின் மட்டை வந்தது, வீசியது, போய்விட்டது. பந்து அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் நாங்கள் வைத்திருந்த தகரம் 'டங்' என்றது.

துரை திரும்பித் தகரத்தைப் பார்த்தார். சாரிடம் ஏதோ கேட்டார். சார் நாகலிங்கம் அண்ணனைப் பார்த்தார்.

"பத்துண்ணு சொல்லும். முந்தின ரெண்டும் ஏழு. தகதிமி தகிட, தகதிமி தகதிமி தக. வெள்ளக்காரனுக்கு வாயில வருமோ என்னமோ."

சார் விளக்கினார். துரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கெட்டிக்காரர். இரண்டு முறை சொல்லிப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு மட்டையைத் தரையில் தட்டிவிட்டு நின்றார். மீராசா ஓடிவந்தபோது அவருடைய மீசை அசைவதை நான் பார்த்தேன். 'தகடிமி, தகடிமி' என்று மீசைக்குள் எண்ணிக்கொண்டே பத்துக்காகக் காத்திருந்தார்.

வந்தது ஏழு.

தகரம் அடித்து அடங்கியபின்தான் அவர் மட்டை கீழே வந்தது.  அப்புறம் மலையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். உதவியாளரைக் கூப்பிட்டு, மட்டையை அவர் கையில் கொடுத்து, நிற்கும்படி சொன்னார். அந்த மனிதர் பட்டதை நான் எழுதப்போவதில்லை. பாவம்.

மீராசா திரும்பி வரும்போது அட்டை கடித்த காலோடு எங்களுக்கெல்லாம் முன்னால் ஓடினான். காக்காவின் வண்டி விடியலில் புறப்பட்டபோது அதில் ஒரு பெட்டிதான் ஏறியது. காக்கா தம்பியின் மகனைத் தூக்கி முத்தமிட்டு, "ஒனக்க வாப்பா கை சும்மா இருக்காதுடே" என்று அழுதார்.

பிந்தி விழுந்த அடி

அதற்குப் பிறகு நான் நாகர்கோவிலில் அதிக நாள் இருக்கவில்லை. எந்த ஊரிலும் இருந்ததில்லை. தோட்டத்துக்கு ஒருமுறை போனேன். ஸ்டோரின் பின்னால் ஒரு வீடு. ஆமினா கரையில்லாத அந்தச் சேலையையே உடுத்தியிருந்தாள். எனக்கு மரச்சீனிக் கிழங்கும் மீனும் போட்டாள். பையன் ரப்பர்க்கொட்டையை வைத்துக்கொண்டு முற்றத்தில் எறிந்து விளையாடினான். அவன் எறிவதை மீராசா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இன்னும் சில வருஷம் கழித்து, ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஒரு தேரோட்டத்துக் கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். தவில் சத்தத்தைக் கேட்டதும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தேர் நகர நகரக் காலம் ஏறிக்கொண்டே போனது. கல்லைக் கட்டித் தொங்கவிட ஆளில்லை. உச்சியில், வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானம் வந்தது. நாதசுரக்காரர் தலையை ஆட்டிவிட்டார், ஜனமும் கை தட்டப் போய்விட்டது.

முடிக்கிற அடி விழவில்லை.

நாகலிங்கம் அண்ணனின் கை மட்டும் எப்போதும்போல வேகமாக இறங்கி வந்தது. கூட்டத்தில் என்னைக் கண்டுவிட்ட முகம் வெற்றிலைச் சிவப்போடு விரிந்தது. எல்லாருடைய தலையும் ஆடி முடிந்தபிறகு, எதையோ மறந்ததுபோல ஒரு கணம் நின்று, அந்த அடி விழுந்தது.

"மீராசா!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.